மே மாதப் புதுச்சேரி: அம்மாவோடும் பிள்ளைகளோடும் எந்த நேரத்தில் எங்கே போவது?

சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மே இரண்டாவது வாரம், சனி ஞாயிறு இரண்டு நாள் புதுச்சேரி வருகிறோம். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை இருக்கிறது. பையனுக்கு 9, பெண்ணுக்கு 5. பிள்ளைகளுக்குக் கடலில் குளிக்க ஆசை. பகலில் எங்கெல்லாம் போகலாம்? கடலூர் சில்வர் பீச்சையும் சேர்த்துக்கொள்ளலாமா?”

தாராளமாக வாருங்கள். ஆனால் எந்தெந்த இடம் என்று எழுதும் முன் நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் இந்த ஊரில் வெளியே நடமாட இரண்டே வேளைதான்: விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை, அப்புறம் சாயங்காலம் ஐந்துக்கு மேல். நடுவில் உள்ளதெல்லாம் கூரைக்குக் கீழே இருக்க வேண்டிய நேரம். இருபது வருஷமாக வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன். என் கண்ணெதிரில் மயங்கி உட்கார்ந்தவர்கள் எல்லோருமே பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் தெருவில் இருந்தவர்கள்.

‘சேலத்தில் பார்க்காத வெயிலா’ என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஊரில் காற்று வறண்டது. வேர்வை சட்டென்று காய்ந்து உடம்பைக் குளிரவைக்கும். இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை காயாது, வழியும். உடம்புச் சூடு இறங்க வழியில்லை. அதனால் மீட்டரில் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தாலும் உடம்பு அங்கே இருப்பதைவிடச் சீக்கிரம் களைத்துவிடும்.

கடல்காற்று வருமே என்பீர்கள். வரும். வெயிலில் தரை சூடாகி மேலே காற்று எழும்பும்போது கடல் மேலுள்ள குளிர்ந்த காற்று உள்ளே வந்து அந்த இடத்தை நிரப்பும். ஆனால் மே மாதத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் தரைக்காற்று அதைத் தடுத்து நிறுத்திவிடும். சில நாள் மதியம் இரண்டு, மூன்று மணி வரைக்கும் கடல்காற்று கரையேறாது. அந்த நேரத்தில் பீச்சும் பஸ் ஸ்டாண்டும் ஒன்றுதான். கடற்கரைச் சாலையில் எங்காவது ஒரு கொடியைப் பாருங்கள். துணி கடல் பக்கம் பறந்தால் அறைக்குத் திரும்புங்கள். ஊர்ப் பக்கம் பறக்க ஆரம்பித்துவிட்டால் காற்று வந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது குளியல். இதில்தான் எனக்குக் கவலை. காந்தி சிலை இருக்கும் கடற்கரைச் சாலை குளிக்கும் இடம் அல்ல. 1980களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணை கட்டினார்கள். வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தங்கிவிட்டது. இங்கிருந்த மணலைக் கடல் கொண்டுபோய்விட்டது. சாலையைக் காப்பாற்றத்தான் அந்தக் கருங்கற்கள். 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்ட பிறகு அந்தப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. பிள்ளைகள் காலை நனைக்க அது போதும். கற்கள் மேல் மட்டும் ஏறவிடாதீர்கள். அலை படும் பாறையில் பாசி இருக்கும், இடுக்கில் கால் மாட்டினால் எடுப்பது கஷ்டம்.

மணல் அகலமாக உள்ள கரைகளில் வேறு ஆபத்து. கடலைப் பார்த்து ஐந்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்து வரும். நடுவில் பத்திருபது அடி அகலத்துக்கு அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கலங்கி, அமைதியாகத் தெரியும். ‘இங்கே அலை இல்லை, குழந்தையை விடலாம்’ என்று தோன்றும். அங்கேதான் விடக்கூடாது. கரையில் ஏறிய தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் பாதை அது. பெரிய ஆளையே இழுத்துக்கொண்டு போகும். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமும் அப்படித்தான். நேற்று மணல்திட்டு இருந்த இடத்தில் இன்று ஆள் ஆழம் இருக்கும்.

யாராவது மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக்கூடாது, அதில்தான் மூச்சு போகிறது. மல்லாந்து மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுவை விட்டுவிடும். கரையில் இருப்பவர் குதிக்க வேண்டாம். மூடிய காலி தண்ணீர் கேன், கயிறு, எது மிதக்குமோ அதை வீசிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். பெரியவர் ஒருவர் கடல் பக்கம் நின்று, விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளிக்கக் கூடாது என்று பலகை இருந்தால் அதோடு சரி. பலகை இல்லையென்றால் வலை பிரிக்கும் மீனவர் யாரையாவது “இன்னைக்கு நீரோட்டம் எப்படிண்ணே?” என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சனிக்கிழமை காலை இப்படி ஆரம்பிக்கலாம். சூரியன் ஐந்தே முக்காலை ஒட்டிக் கடலிலிருந்து எழும்பும். கடற்கரைச் சாலையில் ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், அம்மா நிம்மதியாக நடக்கலாம். அங்கிருந்து மணக்குள விநாயகர் கோயில். அதை மதியத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சுடும் கல்லில் வெறுங்காலோடு நின்று, கொப்புளம் வந்ததை ராத்திரிதான் பார்ப்பார்கள். சுடுமணலுக்கும் இதே எச்சரிக்கை. தினமும் படுக்கும் முன் அம்மாவின் உள்ளங்காலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் மருந்தை நிறுத்திய காரில் வைக்க வேண்டாம், வீணாகிவிடும்.

வீதியில் நடக்க ஒரு கணக்குச் சொல்கிறேன். கடலுக்கு இணையான வீதிகள் தெற்கு வடக்காக ஓடுகின்றன. காலையில் கிழக்குச் சுவர் ஓரமாகவும் மாலையில் மேற்குச் சுவர் ஓரமாகவும் நடந்தால் நிழல் கூடவே வரும். உச்சிவேளையில் இது பலிக்காது. ஏப்ரல் 21ஐ ஒட்டி சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. மே மாதமும் ஏறக்குறைய அப்படித்தான். பிரெஞ்சுப் பகுதியில் சுவர்கள் தெரு வரை வந்து நிற்கும், ஒதுங்க இடமில்லை. வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்குப் போனால் வீட்டு முன்னால் திண்ணை, அதற்கும் முன்னால் தூண் வைத்து இறக்கிய தாழ்வாரம். வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்க வேண்டும் என்று நினைத்துக் கட்டிய வீடுகள். வைசியாள் வீதியில் இன்னும் சில நிற்கின்றன. படம் எடுக்க எல்லோரும் மஞ்சள் சுவரைத் தேடுகிறார்கள். எனக்கு இந்தத் தாழ்வாரங்கள்தான் ஊரின் அழகு.

பகலில் சாப்பிட்டுத் தூங்குங்கள். பிள்ளைகள் இருப்புக்கொள்ளாவிட்டால் பாரதி பூங்கா பக்கத்து அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்களைக் காட்டலாம். பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தவர். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வீடு நினைவில்லமாக இருக்கிறது. நுங்கு, நீர்மோர் எல்லா இடத்திலும் கிடைக்கும். இளநீரிலும் சர்க்கரை உண்டு, அம்மாவுக்கு அளவாகக் கொடுங்கள். யாராவது வெயிலில் இருந்து வந்து உளறினாலோ, உடம்பு கொதித்தாலோ காத்திருக்க வேண்டாம்: ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். அரசுப் பொது மருத்துவமனை கடற்கரையிலிருந்து சில வீதி தள்ளித்தான்.

மீன் ஆசை இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. பெரிய வஞ்சிரம் தட்டில் வந்தால் பெரும்பாலும் ஐஸில் இருந்ததுதான். சின்னப் படகுக்காரர்கள் அன்றன்றைக்குக் கொண்டுவரும் சிறு மீனைக் கேட்டு வாங்குங்கள்.

கடலூரையும் சேர்க்கலாம், ஞாயிறு சாயங்காலத்துக்கு. தெற்கே 22 கிலோமீட்டர்தான். சில்வர் பீச் என்பது தேவனாம்பட்டினம் கடற்கரை. மணல் அகலம், நிழல் கிடையாது. ஐந்து மணிக்கு முன்னால் போனால் செருப்பைக் கழற்ற முடியாது. பக்கத்திலேயே கெடிலம் கடலில் சேருகிறது, அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். இருட்டும் முன் தண்ணீரை விட்டு எல்லோரும் மேலே வந்துவிட்டால், அம்மா மணலில் உட்கார்ந்து காற்று வாங்கட்டும், சுண்டல் தின்றுவிட்டு மெதுவாகக் கிளம்பலாம்.