பிள்ளை வாசிக்கிறானா? கிருஷ்ணகிரி மாவட்டத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து சில கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெற்றோர், ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் எனப் பலர் அனுப்பிய கேள்விகள் இவை. கேள்விகள் வேறு வேறு என்றாலும் கவலை பெரும்பாலும் ஒன்றுதான்: ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வந்துவிடுமா, வரவில்லை என்றால் நமக்கு எப்போது தெரியும். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர்ப்பக்கம் மட்டும் இருக்கிறது.

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு. டீச்சர் அவளை 'அரும்பு' என்கிறார், பக்கத்து வீட்டுப் பெண்ணை 'மொட்டு' என்கிறார். என் மகளுக்குப் படிப்பு வராதா? (பர்கூர் பக்கம், ஓர் அம்மா)

வரும்மா, நன்றாகவே வரும். பிள்ளைகளுக்கு வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் வரவைக்கத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கியதற்குக் காரணமே, கொரோனாவுக்குப் பிறகு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான். அரும்பு என்றால் ஒன்றாம் வகுப்பு அளவு, மொட்டு இரண்டாம் வகுப்பு அளவு, மலர் மூன்றாம் வகுப்பு அளவு. உங்கள் மகள் தமிழில் இன்னும் ஒன்றாம் வகுப்புப் பயிற்சியில் நிற்கிறாள், கணக்கில் ஒருவேளை அவளே மொட்டாக இருக்கலாம், அதையும் கேட்டுப் பாருங்கள்.

பயப்பட வேண்டாம் என்றேன், அதற்காகச் சும்மாவும் இருந்துவிடாதீர்கள். அடுத்த முறை டீச்சரைப் பார்க்கும்போது "எப்படிப் படிக்கிறாள்" என்று கேட்காமல், "எந்த எழுத்தில் நின்றுவிடுகிறாள், கால் போட்ட எழுத்து வருகிறதா, கொம்பு வருகிறதா" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால்தான் வீட்டில் எதைச் செய்வது என்று உங்களுக்குப் புரியும். அப்புறம், அரும்பு, மொட்டு என்கிற பேச்சைப் பிள்ளையின் காதுபட வீட்டில் பேசாதீர்கள், அது ஆசிரியர் பாடம் பிரித்துக்கொள்வதற்கான பெயர்.

கேள்வி: அ முதல் ஃ வரை, க முதல் ன வரை கடகடவென்று ஒப்பிக்கிறான். 'படம்' என்று எழுதிக் காட்டினால் விழிக்கிறான். இது ஏன்? (காவேரிப்பட்டணம்)

ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு. ஒப்பிக்கும்போது காதில் பதிந்த வரிசை ஓடுகிறது, கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. 'ம' எங்கே என்று தனியாகக் காட்டச் சொல்லுங்கள், க ங ச என்று முதலிலிருந்து ஓடி வந்து அங்கே நிற்பான். அப்படி வந்தால் அவனுக்கு எழுத்து தெரியவில்லை, பாட்டு தெரிந்திருக்கிறது.

247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையை மிரட்ட வேண்டாம். 12 உயிர், 18 மெய், அப்புறம் சில குறிகள், ஒரு ஆய்தம், இவ்வளவுதான் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது. வடிவம் எளிதான ட, ப, ம போன்ற எழுத்துகளில் தொடங்கி உடனே 'படம்', 'பட்டம்', 'மடம்' என்று சொல்லாக்கிவிடுவது நல்லது, மூன்று எழுத்து தெரிந்த அன்றே ஒரு சொல்லை வாசித்துவிட்ட பிள்ளைக்கு நான்காவது எழுத்தின் மேல் தானாக ஆசை வரும். முதல் தடுமாற்றம் புள்ளியில்தான் வரும், 'ம'வும் 'ம்'மும் அவனுக்கு ஒன்றுதான். 'படம', 'படம்' என்று இரண்டையும் எழுதி வாய்விட்டுச் சொல்ல வைத்தால் இரண்டு மூன்று நாளில் பிடித்துக்கொள்வான்.

குறிகளில் கால் எளிது. கொம்பு எளிதல்ல, அதைப் பெரியவர்கள் நாம் மறந்துவிட்டோம். 'பெ'யில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது 'ப்'. 'பொ' வந்தால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி. பிள்ளை 'பெட்டி'யைப் பார்த்து எதை முதலில் சொல்வது என்று திணறுவது மந்தபுத்தி இல்லை, எழுத்தை இடமிருந்து வலமாக ஒழுங்காகப் பார்க்கிறான் என்று அர்த்தம். உகரம் இன்னும் கடினம், அதற்கு ஒரே குறி கிடையாது. கு, டு, மு, ரு ஒரு மாதிரி வளையும், சு, பு, யு, வு ஒரு மாதிரி இறங்கும், து, நு, லு, னு வேறு மாதிரி திரும்பும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, ணை, லை, ளை எல்லாம் ஒழுங்கானது, உகர ஊகாரத்தை யாரும் தொடவில்லை. அதனால் இவற்றை அகர வரிசையில் கற்றுக்கொடுக்காமல், ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். (தாத்தா பாட்டி பழைய 'லை' எழுதிக் காட்டினால் அன்போடு தடுத்துவிடுங்கள், இப்போது அது பிள்ளையைக் குழப்பும்.)

தினமும் பத்து நிமிடம் போதும். பேருந்துப் பலகை, ரேஷன் கடைப் பலகை, பிஸ்கட் பாக்கெட், எதுவும் பாடம்தான். ந–ன, ர–ற பிழையை இப்போதைக்கு விடுங்கள், வாசிப்பு வந்த பிறகு அதைத் திருத்துவது சுலபம்.

கேள்வி: என் வகுப்பில் பாதிக்கு மேல் வீட்டில் தெலுங்கு, மீதியில் பலருக்குக் கன்னடம். தமிழ்ப் பாடத்தில் இவர்களை எப்படி மதிப்பிடுவது? எல்லாரும் அரும்பிலேயே நிற்கிறார்கள். (கெலமங்கலம் ஒன்றியம், ஓர் ஆசிரியை)

டீச்சர், இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயம், சரி. ஆனால் ஓசூர், தளி, கெலமங்கலம், சூளகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கம் பல பிள்ளைகள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறார்கள், தமிழ் என்கிற மொழியைக் கற்பதும் தமிழ் எழுத்தைக் கற்பதும். சேலத்துப் பிள்ளைக்கு இரண்டாவது வேலை மட்டும்தான்.

முதல் சில வாரம் எழுத்தைவிடப் பேச்சுக்கு நேரம் கொடுங்கள். படத்தைக் காட்டிப் பேசட்டும், தெலுங்கில் சொன்னால் தெலுங்கிலேயே கேட்டுக்கொண்டு தமிழில் திருப்பிச் சொல்லுங்கள், தடுக்காதீர்கள். எழுத்து தொடங்கும்போது வீட்டு மொழிக்கும் தமிழுக்கும் பொதுவான சொற்களிலிருந்து தொடங்குங்கள். பால் தெலுங்கில் 'பாலு', கல் கன்னடத்தில் 'கல்லு', தலை இரண்டிலும் கிட்டத்தட்ட அதேதான், மூக்கு 'முக்கு', 'மூகு' என்று வரும், வீட்டுக்குக் கன்னடத்தில் 'மனெ' என்றால் நம்மிடம் 'மனை' இருக்கிறது. சொல்லின் பொருள் ஏற்கெனவே தெரிந்திருந்தால் பிள்ளையின் கவனம் முழுக்க எழுத்தின் மேல் போகும்.

இப்போது மதிப்பீடு. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'ப'வுக்கும் (pa) 'ப³'வுக்கும் (ba, 'பயம்' என்பதில் வரும் ஒலி) தனித்தனி எழுத்து, தமிழில் ஒரே எழுத்துதான் இரண்டுக்கும். 'படம்', 'பயம்' இரண்டையும் ஒரே மாதிரி வாசிக்கும் பிள்ளை எழுத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறது, சொல்லைக் கேட்டுப் பழகவில்லை, அவ்வளவே. அதுபோல 'ழ' இன்றைய தெலுங்கிலும் கன்னடத்திலும் இல்லை, 'பழம்' என்பதைப் 'பளம்' என்று வாசித்தால் அதை வாசிப்புப் பிழையாகக் குறிக்காதீர்கள். அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் ஃபெயில். எழுத்தே தெரியாமல் நிற்கிற பிள்ளையையும், எழுத்து தெரிந்து பொருள் தெரியாமல் நிற்கிற பிள்ளையையும் உங்கள் நோட்டில் தனித்தனியாகக் குறித்துவையுங்கள். மதிப்பீட்டை ஏற்றுகிற ஆப்பில் இருவரும் அரும்பு என்றே வரலாம், நாளைக்கு நீங்கள் இருவருக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

கேள்வி: எங்கள் காலத்தில் பரீட்சையில் தவறினால் அதே வகுப்பில் உட்கார வைப்பார்கள். இப்போது எல்லாரும் பாஸ். இதனால்தான் படிப்பு கெட்டது என்கிறேன், சரிதானே? (சூளகிரி, ஒரு தாத்தா)

ஐயா, உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு, ஆனால் முடிவில் உடன்பாடு இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் வந்தது இந்தத் தேர்ச்சி ஏற்பாடு. 2019-இல் சட்டத்தைத் திருத்தி மாநிலங்கள் விரும்பினால் 5, 8-ஆம் வகுப்பில் நிறுத்திவைக்கலாம் என்றார்கள், தமிழ்நாட்டிலும் பொதுத்தேர்வு அறிவித்தார்கள், எதிர்ப்பு கிளம்பி 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைப்பதில்லை என்றே சொல்கிறது.

உங்கள் காலத்தில் தவறிய பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பலர் பள்ளிக்கே வருவதை விட்டார்கள். அதே ஆசிரியர், அதே புத்தகம், அதே முறை, இன்னொரு வருடம் உட்கார வைத்தால் மட்டும் எழுத்து வந்துவிடுமா? கெட்ட இடம் வேறு. எல்லாரும் பாஸ் என்பதை 'யாரையும் பார்க்க வேண்டியதில்லை' என்று சில இடங்களில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அது தப்பு. நிறுத்திவைக்காத ஏற்பாட்டில் பிள்ளையை மாதா மாதம் கவனிக்க வேண்டிய பொறுப்பு கூடுகிறது. வளரறி மதிப்பீடு, அதாவது பாடம் நடக்கும்போதே பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது, இருப்பதே அதற்குத்தான்.

கேள்வி: ஈராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்பு. மதிப்பீட்டை ஆப்பில் ஏற்றுவதற்கே நேரம் போகிறது, மலையில் சிக்னலும் கிடைக்காது. எப்போது பாடம் நடத்துவது? (தளி)

நியாயமான கோபம், சார். சட்டப்படியே 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான், வகுப்பு எத்தனை என்று சட்டம் பார்ப்பதில்லை. இந்தச் சுமையை வட்டாரக் கல்வி அலுவலர் கூட்டத்திலும் குறுவள மையத்திலும் விடாமல் சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். ஒரு நாளைக்கு நான்கு பிள்ளைகளை மட்டும் தனித்தனியாக அருகில் உட்கார வைத்து ஆளுக்கு இரண்டு நிமிடம் வாசிக்கக் கேளுங்கள். எங்கே நின்றான் என்று நோட்டில் ஒரே வரி. 40 பிள்ளைகள் என்றால் இரண்டு வாரத்தில் எல்லாரையும் ஒருமுறை கேட்டிருப்பீர்கள். ஆப்பில் ஏற்ற வேண்டிய நாளில் அந்த நோட்டைப் பார்த்து ஏற்றலாம், புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. நோட்டு இல்லாமல் அவசரத்தில் எல்லாரையும் ஒரு நிலை மேலே ஏற்றிக் காட்டுவது நடக்கிறது, மேலிருந்து வரும் நெருக்கடியில்தான் நடக்கிறது, ஆனால் அதில் நஷ்டப்படுவது பிள்ளை. தனக்கு வராத பயிற்சி நூல் அதன் கைக்கு வந்துவிடும்.

கேள்வி: செய்தித்தாளில் ஒரு சர்வேயில் தமிழ்நாடு கீழே என்கிறார்கள், இன்னொன்றில் வேறு மாதிரி. பள்ளி மேலாண்மைக் குழுவில் எதை வைத்துப் பேசுவது? (ஊத்தங்கரை)

ஒவ்வொன்றும் ஒவ்வொன்றை அளக்கிறது. அசர் (ASER) என்பது பிரதம் தொண்டு நிறுவனத்தின் சர்வே, அதன் ஆட்கள் கிராமத்து வீடுகளுக்கு வந்து, எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று ஒரே தாளைக் காட்டி வாசிக்கச் சொல்வார்கள். 2022-இல் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்தக் கதையை வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அதிர்ச்சிதான், ஆனால் அந்தப் பிள்ளைகளின் முதல் வகுப்பே பூட்டிய பள்ளியில் போனது, இங்கே 1 முதல் 8 வரை வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1. மத்திய அரசின் தேசிய அடைவுத் தேர்வு பள்ளியில், மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த சில பள்ளிகளில் மட்டும், விடையைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி நடப்பது. 2021-இல் அதை நடத்திய நாள் நவம்பர் 12, பள்ளி திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்த வருட மாவட்ட மதிப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஆசிரியரைக் குற்றம் சொல்வது அநியாயம். அதற்குப் பதிலாக 2024 டிசம்பர் 4 அன்று நடந்த பரக் சர்வே 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கு.

இவை எதுவும் உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றிச் சொல்லாது. குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் இதைக் கேளுங்கள்: மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர், அதில் புதிய பத்தி ஒன்றைக் கொடுத்தால் எத்தனை பேர் வாசித்துக் கதை சொல்வார்கள், முடியாதவர்களுக்கு இந்த மாதம் என்ன செய்கிறோம். பெயர் சொல்லச் சொல்லாதீர்கள், எண்ணிக்கை போதும்.

கேள்வி: மூன்றாம் வகுப்பில் நிமிடத்துக்கு 60 சொல் வாசிக்க வேண்டும் என்கிறார்களே, என் பிள்ளை 35-தான் வாசிக்கிறாள். (மத்தூர், முன்பு இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்)

அந்த 60, பிள்ளைகளின் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் மத்திய அரசு நடத்தும் நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு, எல்லா மொழிக்கும் பொதுவாக எழுதப்பட்டது. தமிழில் 'வந்துகொண்டிருந்தார்கள்' ஒரே சொல். சொல் கணக்கில் இந்தியோடும் ஆங்கிலத்தோடும் ஒப்பிட முடியாது, 2022-இல் நடந்த அடிப்படைக் கற்றல் ஆய்வில் மொழிக்கு மொழி தனி அளவுகோல் வைத்ததும் இதனால்தான். நீங்கள் பார்க்க வேண்டியது, வாசித்து முடித்ததும் கதையைத் தன் சொல்லில் சொல்கிறாளா என்பதை. சொன்னால் 35 நல்ல வேகம், இன்னும் கூடும். 60 வாசித்துவிட்டு என்ன வாசித்தோம் என்று தெரியாமல் நின்றால் அதுதான் கவலை.

கேள்வி: வீட்டுப்பாடமாக ஒரே பக்கத்தைப் பத்து முறை எழுதச் சொல்கிறார்கள். பயன் உண்டா? (கிருஷ்ணகிரி)

கையெழுத்துக்குக் கொஞ்சம். வாசிப்புக்கு இல்லை, மூன்றாவது முறையிலேயே பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் கோட்டை வரைய ஆரம்பித்துவிடும். ஆசிரியரிடம் பேசி, ஒரு முறை பார்த்து எழுதி, ஒரு முறை பார்க்காமல் எழுதி, அதைப் பெற்றோரிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி வரலாமா என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் விரலால் தொட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், கைநாட்டு வைத்து அனுப்பினால் போதும்.