ஏழாம் வசனமும் எட்டாம் வசனமும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் தொழில், சபையில் மூப்பர். இரண்டையும் சேர்த்துக் கேட்ட சிலருக்கு என் பதில்கள்.

கேள்வி (முதுநகர்): ஐயா, சபை அண்ணன் ஒருவருக்குப் புரோநோட்டில் 2 லட்சம் கொடுத்தேன். திருப்பிக் கேட்டால், "விசுவாசி மேல விசுவாசி கேஸ் போடலாமா? 1 கொரிந்தியர் 6 படிங்க" என்கிறார்.

பதில்: அவர் ஏழாம் வசனத்தோடு நிறுத்திவிட்டார். "நஷ்டத்தை ஏன் பொறுத்துக்கொள்ளக் கூடாது" என்று கேட்ட பவுல் (அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலர்), எட்டாம் வசனத்திலேயே சகோதரனுக்கு நஷ்டம் செய்கிறவன் பக்கம் திரும்பிவிடுகிறார். ஏழாம் வசனம் கொடுத்தவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. வாங்கியவர் வாயில் அது வரவே கூடாது.

மத்தேயு 18 சொல்கிறபடி முதலில் தனியாகப் பேசுங்கள். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போங்கள், அப்புறம் சபை. ஆனால் கேஸ் போட 3 வருடம்தான் கெடு. "பாஸ்டர் பேசட்டும், சபைக் கமிட்டி கூடட்டும்" என்று காத்திருந்து, கெடு தாண்டி என்னிடம் வந்தவர்கள் உண்டு. கெடுவுக்குள் ஆயிரம் ரூபாயாவது வாங்கி, நோட்டின் பின்னால் அவர் கையாலேயே வரவு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அன்றிலிருந்து மறுபடி 3 வருடம். அதற்கும் மறுத்தால், சமாதானப் பேச்சு வெறும் சாக்கு.

கேள்வி (புதுச்சேரி): அப்பா வீட்டைப் பிரிப்பதில் தம்பியோடு தகராறு. பாஸ்டர் தீர்ப்பு போதாதா?

பதில்: பாகம் பிரித்துத் தரச் சொன்னவனிடம், "என்னை உங்களுக்கு நியாயாதிபதியாக வைத்தது யார்" என்றார் இயேசு (லூக்கா 12). அவரே ஏற்காத வேலையில் பாஸ்டரை மாட்டிவிடுவானேன்! சரி, பாஸ்டர் முன்னால் பேசி ஒத்துப்போனால் சந்தோஷம்தான். பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். ஏற்கெனவே கேஸ் நடந்தால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசமாக முடிக்கலாம். கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும், அப்பீல் கிடையாது.

கேள்வி: சண்டே ஸ்கூல் பிள்ளையிடம் ஒருவர் தவறாக நடந்திருக்கிறார். "சபைப் பெயர் கெடும், உள்ளேயே முடிப்போம்" என்கிறார்கள்.

பதில்: கூடவே கூடாது. பவுல் பேசியது பணம், சொத்துத் தகராறு. இது குற்றம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை. கமிட்டிக்குக் காத்திருக்காமல் இன்றே போலீசிடம் போங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கூப்பிடுங்கள்.

கேள்வி: பவுலே இராயனிடம் (ரோமப் பேரரசர்) அப்பீல் போனாரே?

பதில்: போனார், அப்போஸ்தலர் 25. எதிரே நின்றது சபையார் அல்ல. அவர் கேட்டது ஒருவருடைய காசையும் அல்ல.