நீர்த்தேக்கக் காட்சிமுனையில் பறவை பார்ப்பவர்களின் கேள்விகள்

கே: பைனாகுலர் 8×42 வாங்கவா, 10×42 வாங்கவா?

ப: 8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடித் தெரியும். தண்ணீர் அரை கிலோமீட்டருக்கு அப்பால் கிடந்தால் எந்த பைனாகுலரும் திணறும், அங்கே முக்காலியில் வைத்துப் பார்க்கும் 20-60 மடங்கு தொலைநோக்கி, அதாவது ஸ்கோப்தான். முக்காலியில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், மேட்டில் காற்று அதிகம்.

கே: நடுத் தண்ணீரில் கறுப்பாக ஒரு பறவை. பெயர் என்ன?

ப: இதை வைத்து நான் என்ன சொல்ல? அலகு எப்படி, முங்கியதா மிதந்ததா, பக்கத்துப் பறவையைவிடப் பெரியதா, எதுவுமே எழுதவில்லை. எதிர்வெயிலில் கொக்குகூடக் கறுப்புதான். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று பாருங்கள். நெற்றி வெள்ளையாக இருந்தால் நாமக்கோழி.

கே: சிறகை விரித்துக் காயவைப்பது நீர்க்காகமா, பாம்புத்தாராவா?

ப: இரண்டும் காயவைக்கும். அலகு நுனி வளைந்தால் நீர்க்காகம், நேராகக் கூராக இருந்தால் பாம்புத்தாரா.

கே: பறக்கும் பருந்து எதுவும் புத்தகப் படத்தோடு பொருந்தவில்லையே?

ப: நல்ல கேள்வி. படங்களில் நாம் மனப்பாடம் செய்வது பெரும்பாலும் சிறகின் அடிப்பக்கத்தை, காட்சிமுனையிலோ பறவை உங்களுக்குக் கீழே பறக்கிறது, முதுகுதான் தெரியும். மேலே அடர் பழுப்பு, தலை வெள்ளை, கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை என்றால் விராலடிப்பான். காலை முன்னே நீட்டித் தண்ணீருக்குள் விழும், பிடித்த மீனைத் தலை முன்னால் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு போகும். கள்ளப்பருந்து மேற்பரப்பில் அள்ளுவதோடு சரி.

கே: வாத்துக் கூட்டம் மொத்தமாக எழும் படம் வேண்டும். கை தட்டிப் பார்த்தோம், அசையவில்லை. ட்ரோன் விடலாமா? ஷட்டர் வேகம் எவ்வளவு?

ப: கூடாது. கை தட்டியதே தப்பு. ஊசிவால் வாத்து, கிளுவை எல்லாம் பல இடங்களில் இரவில்தான் அதிகம் மேயும், பகலில் தலையைச் சிறகில் செருகிக்கொண்டு மிதப்பது ஓய்வு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வலசை வந்த உடம்பு அது, திரும்பிப் போவதற்கும் கொழுப்பு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் கொஞ்சம் எரிகிறது, அடிக்கடி விரட்டினால் அந்த நீர்நிலையையே விட்டுப் போய்விடும். ட்ரோன் தலைக்கு மேலே வந்தால் அதற்கு அது இன்னொரு வேட்டைக்காரன். நீங்கள் ஒருவர் செய்வதைப் பார்த்து அடுத்த வாரம் பத்துப் பேர் கல்லோடு வருவார்கள், இதைத்தான் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறேன். பொறுமையாக உட்காருங்கள், பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தால் கூட்டம் தானாக எழும், 1/2000 வைத்துக் காத்திருங்கள். தலைகள் ஒன்றாக நிமிர்ந்து, கூட்டம் உங்களைவிட்டு நீந்த ஆரம்பித்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். பின்வாங்குங்கள்.

கே: எந்த நேரம் போகலாம்?

ப: மறுபடியும் சூரியன்தான். முனை மேற்கே பார்த்தால் காலை, கிழக்கே பார்த்தால் மாலை. பத்து மணிக்கு மேல் கானல் ஆட ஆரம்பித்தால் ஸ்கோப்பிலும் பிம்பம் கலங்கும். அப்புறம், நீர்மட்டம் இறங்கிச் சேறு தெரியும் மாதங்களை விடாதீர்கள், சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்கள் அப்போதுதான் வரும்.