சிறுத்தையைச் சீட்டா என்று சொன்ன பிள்ளைக்கு அட்டைத் தொகுதி தேவையில்லை

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு 5 வயது. வருகிற வருடம் 1ஆம் தரத்துக்குப் போகிறாள். மொன்டிசூரியில் உலக விலங்குகள் என்று ஒரு சோதனை வைத்தார்கள். சிறுத்தைப் படத்தைப் பார்த்து சீட்டா என்றும், முதலையை அலிகேட்டர் என்றும் சொல்லியிருக்கிறாள். ரீச்சர் 'கவனம் போதாது' என்று கொப்பியில் எழுதி அனுப்பியிருக்கிறார். இதற்கிடையில் மாடிவீட்டுக்கு ஒருவர் வந்து, 200 விலங்கு அட்டைகள் உள்ள தொகுதி, தவணை முறையில் தரலாம், 3 மாதத்தில் பிள்ளை எல்லாவற்றையும் சொல்லும் என்கிறார். வாங்கலாமா? பிள்ளைக்கு ஞாபகசக்தி குறைவா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு நித்திரை வராமல் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன். ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. சிறுத்தையைச் சீட்டா என்று சொல்கிற பிள்ளை, அது பூனைக் குடும்பம், மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் புள்ளி என்று எல்லாவற்றையும் சரியாகவே பார்த்திருக்கிறது. அதற்கு மேல் எங்கே பார்க்கவேண்டும் என்று யாரும் விரல் வைத்துக் காட்டவில்லை, அவ்வளவுதான். முதலை விஷயத்தில் உங்கள் மகள் பிழைவிட்டாள் என்றே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அட்டைத் தொகுதி வாங்கவேண்டாம்.

இப்போது சிறுத்தை. பிள்ளையை முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சீட்டாவுக்குக் கண்ணின் உள்மூலையிலிருந்து வாய் வரைக்கும் இரண்டு பக்கமும் கறுப்புக் கோடு இறங்கும், மை பூசிய பிள்ளை அழுத மாதிரி. சிறுத்தைக்கு அந்தக் கோடு கிடையாது. 5 வயதுக்கு இந்த ஒரு அடையாளம் போதும், அதை ஒருமுறை கண்டுவிட்டால் பிள்ளை பிறகு மறக்காது. இன்னும் கேட்டால் உடம்பைக் காட்டுங்கள்: சீட்டாவின் புள்ளி உள்ளே நிரம்பிய கறுப்பு வட்டம், சிறுத்தையினது உடைந்த வளையம். சீட்டாவுக்கு நீண்ட கால், ஒடுங்கிய இடுப்பு, சின்னத் தலை, ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு. சிறுத்தை கட்டையாகவும் பலமாகவும் இருக்கும், இரையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறும். ஜாகுவார் தென்னமெரிக்கா, மத்திய அமெரிக்காப் பக்கம்; அதன் வளையத்துக்குள்ளே இன்னும் சின்னப் புள்ளிகள் இருக்கும், தலையும் பெரிது. ஆனால் ஜாகுவாரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிய பிறகு மூன்றாவது தானாக வரும்.

அதைவிட முக்கியம், சிறுத்தை நம்முடையது. யால, வில்பத்து, ஹோட்டன் சமவெளி, மலையகத் தேயிலைத் தோட்ட ஓரங்கள் எல்லாம் அதன் இடம், இந்தத் தீவின் காட்டில் அதற்கு மேல் வேட்டையாடும் மிருகம் வேறில்லை. சிங்கம் கொடியில் இருக்கிறது, காட்டில் இல்லை. புலியும் இங்கே காட்டில் இல்லை. சீட்டா ஆபிரிக்காவில், கொஞ்சம் ஈரானில். இந்தியாவில் அழிந்துவிட்டது என்று 1952இல் அறிவித்தார்கள், 2022இல்தான் நமீபியாவிலிருந்து கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் விட்டார்கள். "இது எங்கட நாட்டில் இருக்கா, இல்லையா" என்ற ஒரு கேள்வியோடு ஒவ்வொரு படத்தையும் காட்டிப் பாருங்கள். நூறு பெயரை மனப்பாடம் செய்வதைவிட அது பிள்ளையின் மண்டையில் நன்றாக நிற்கும்.

கறுப்பு நிறத்தில், "பிளாக் பாந்தர்" என்று தனி மிருகமாக ஒரு படம் சார்ட்டில் இருக்கும். அது தனி மிருகம் அல்ல. கறுப்பாகப் பிறந்த சிறுத்தை அல்லது ஜாகுவார்தான், வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் வளையங்கள் தெரியும். நம்முடைய மலையகத்திலும் இருந்தது. 2020இல் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கறுஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் சிக்கிப் பிறகு இறந்துபோனது. பன்றிக்கு என்று வைக்கிற கம்பி சிறுத்தையின் கழுத்தையும்தான் இறுக்கும், அதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை, பார்ப்பதற்குத்தான் ஆளில்லை.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. தலவத்துகொட தியசரு பூங்கா, பெத்தகான ஈரநிலம் போன்ற இடங்களில் மீன்பிடிப் பூனை இருக்கிறது. உடம்பு முழுக்கப் புள்ளி, வீட்டுப் பூனையை விட நன்றாகப் பெரிது, தண்ணீருக்குள் இறங்கி மீன் பிடிக்கும். அதைக் கண்டு "சிறுத்தைக் குட்டி" என்று பயந்து அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். வால் கட்டையாக, உடலின் பாதி நீளமும் இல்லாமல் இருந்தால் அது மீன்பிடிப் பூனை. சிறுத்தைக்கு வால் நீளம். 2018இல் ராம்சர் ஈரநில நகரம் என்று, அதாவது ஈரநிலங்களைக் காக்கிற உலக உடன்படிக்கையின் பேரில், கொழும்புக்கு அங்கீகாரம் கிடைத்தது. அந்த நகரத்திலேயே வளர்கிற பிள்ளைகளின் மொன்டிசூரிச் சார்ட்டில் கங்காருவும் பென்குவினும் இருக்கும், மீன்பிடிப் பூனை இருக்காது. இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்பதுதான் பதில்.

இப்போது அந்த அட்டைக்காரர். இவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை மாடிவீடுகளில் ஏறி இறங்குவார்கள். முதலில் பிள்ளையை "ஒரு சின்னச் சோதனை" என்று உட்காரவைப்பார்கள். வேண்டுமென்றே ஒரேமாதிரி இருக்கிற படங்களை வேகமாகக் காட்டுவார்கள், பிள்ளை தடுமாறும். உடனே உங்கள் பக்கம் திரும்பி, "பரவாயில்லை, இப்பவே தொடங்கினால் பிடித்துவிடலாம்" என்பார்கள். அந்த நேரத்தில் ஒரு தாயின் மனது என்ன பாடுபடும் என்று அவர்களுக்குத் தெரியும், வியாபாரமே அதில்தான். தவணை என்று சொல்கிற விலையைக் கூட்டிப் பாருங்கள், கடையில் வாங்கக்கூடிய நல்ல படப்புத்தகங்கள் எத்தனையோ அந்தக் காசுக்கு வரும்.

அப்படியும் மாமியோ மாமாவோ வாங்கித் தந்துவிட்டார்கள் என்றால், தூக்கி எறியவேண்டாம், சில படங்களை மட்டும் எடுத்துச் சோதியுங்கள். சிறுத்தை என்று எழுதிய அட்டையில் முகத்தில் கறுப்புக் கோடு இருக்கிறதா? இருந்தால் அச்சடித்தவரே சீட்டாவுக்குச் சிறுத்தை என்று பெயர் போட்டிருக்கிறார். பனிக்கரடியும் பென்குவினும் ஒரே பனிக்கட்டியில் நிற்கின்றனவா? பனிக்கரடி வடதுருவப் பக்கம், பென்குவின் உலகத்தின் தென்பாதியில், இரண்டும் காட்டில் சந்திப்பதே இல்லை. ஆபிரிக்க யானை என்ற அட்டையில் சின்னக் காது உள்ள நம்முடைய யானை நிற்கிறதா? புறக்கோட்டைப் பாதையோரத்தில் விற்கிற சார்ட்டுகளுக்கும் இதே சோதனை. இப்போது வேறொரு தொல்லையும் சேர்ந்துவிட்டது, கணினியே வரைந்த படங்கள். வரிக்குதிரைக்குக் கோடுகள் காலில் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும், சில மிருகத்துக்குக் காலே ஒன்று கூடுதலாக இருக்கும். சின்னப் பிள்ளை படத்தில் காண்பதை உண்மை என்றுதான் எடுத்துக்கொள்ளும், ஆகவே நிழற்படம் உள்ளதையே வாங்குங்கள்.

யானையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபிரிக்க யானைக்குக் காது மிகப் பெரிது, முதுகு நடுவில் பள்ளம். ஆசிய யானைக்குக் காது சிறிது, முதுகு மேல்நோக்கி வளைந்திருக்கும், நெற்றியில் இரண்டு மேடு. ஆபிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் இருக்கும். நம்முடைய நாட்டில் ஆண் யானைகளிலேயே பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் கிடையாது. உடவளவைக்குக் கூட்டிப்போனால் பிள்ளை "கொம்பன் எங்கே" என்று கேட்கும், தயாராக இருங்கள்.

சரி, முதலை. சார்ட்டுகளிலும் இணையத்திலும் எல்லாரும் சொல்கிற விதி இதுதான்: மூக்குப் பக்கம் கூராக ஒடுங்கியிருந்தால் முதலை, அகலமாக வட்டமாக இருந்தால் அலிகேட்டர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இலங்கைக் குளங்களில், யாலவில், வில்பத்துவில் வெயில் காய்கிற குளத்து முதலைக்கு மூக்கு அகலம். உலகத்து முதலைகளிலேயே மிக அகலமான மூக்குள்ளவற்றில் அதுவும் ஒன்று. சார்ட் சொன்ன விதியை அப்படியே பின்பற்றுகிற பிள்ளை அதைப் பார்த்து அலிகேட்டர் என்றுதான் சொல்லும், சொல்லவும் வேண்டும். உங்கள் மகள் பார்த்த படம் நம்முடைய குளத்து முதலையாக இருந்தால், அவள் படிப்பித்ததைச் சரியாகச் செய்திருக்கிறாள், படிப்பித்த விதிதான் நம்முடைய நாட்டுக்குப் பொருந்தாது. ஆற்றுமுகங்களிலும் களப்புகளிலும் இருக்கிற உவர்நீர் முதலைக்கு மூக்கு அதைவிட நீளம், அதற்கு அந்த விதி ஓரளவு சரிவரும். இரண்டு முதலையும் நம்முடைய நாட்டில் இருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் பொருந்துகிற விதியை ஏன் படிப்பிக்கிறோம்?

மூக்கை விட்டு வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். வாய் மூடியிருக்கும்போது கீழ்த்தாடையில் முன்னாலிருந்து நாலாவது பல், பெரிய பல், வெளியே தெரிந்தால் முதலை. அலிகேட்டர் வாயை மூடினால் கீழ்ப்பற்கள் மேல்தாடைக்குள் மறைந்துவிடும். இது குளத்து முதலைக்கும் பொருந்தும், உவர்நீர் முதலைக்கும் பொருந்தும். "கீழ்ப்பல் வெளியே தெரிகிறதா?" என்று கேட்டால் 5 வயதுப் பிள்ளை சொல்லிவிடும். அப்புறம் அலிகேட்டர் காட்டில் இருப்பது அமெரிக்காவிலும் சீனாவிலும் மட்டும், ஆகவே இலங்கையில் ஆற்றிலோ குளத்திலோ எடுத்த படம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

வெள்ளவத்தைக் கால்வாயில் நீந்துகிறதைப் பிள்ளைகள் "முதலை" என்று கத்துவார்கள், பெரும்பாலும் அது கபரகொயா என்கிற நீர் உடும்பு. பிளவுபட்ட நாக்கை அடிக்கடி வெளியே நீட்டி இழுக்கும், முதலை அப்படிச் செய்யாது. இருந்தாலும் நாக்கைப் பார்க்கலாம் என்று கால்வாய் ஓரத்தில் இறங்கவேண்டாம், மேலே பாலத்தில் நின்றே பாருங்கள். தெற்குக் கடலோரத்திலும் கொழும்புப் பக்கத்திலும் உண்மையான முதலையே தென்பட்டதாகவும் செய்தி வந்திருக்கிறது.

இனி என்ன செய்வது? ஒரு கிழமைக்கு ஒரு சோடி போதும். சிறுத்தையும் சீட்டாவும், பிறகு இரண்டு யானைகளும், பிறகு முதலையும் அலிகேட்டரும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எது வித்தியாசம், நீ சொல்லு" என்று விடுங்கள், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லவேண்டாம். பிள்ளை நீங்கள் எதிர்பார்க்காத வித்தியாசம் ஒன்றைச் சொல்லும், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போனால் எல்லாக் கூட்டையும் பார்க்கவேண்டும் என்று இழுத்துக்கொண்டு ஓடாமல், நாலைந்து கூட்டின் முன்னால் நன்றாக நின்று பாருங்கள். யாலவுக்குப் போகிற யோசனை இருந்தால், "சிறுத்தை கட்டாயம் காட்டுவேன், மேலதிகமாகக் காசு தாருங்கள்" என்கிற இடைத்தரகரை நம்பவேண்டாம். காட்டு மிருகத்துக்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. தொலைபேசியில் ஒரு சிறுத்தை என்று கேட்டவுடன் எல்லா ஜீப்பும் ஒரே இடத்துக்குப் பறக்கும், பிள்ளைக்குத் தூசியும் பயமும்தான் மிஞ்சும். குரங்கையோ மலைப்பாம்பையோ தோளில் போட்டுப் படம் எடுக்கிறவர்களிடமும், "பிள்ளைக்கு வளர்க்க" என்று நட்சத்திர ஆமை விற்கிறவர்களிடமும் போகவேண்டாம். நட்சத்திர ஆமை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம், வாங்குகிறவரும் மாட்டிக்கொள்வார்.

ரீச்சரோடு சண்டை போடவேண்டாம். அவரும் கொடுத்த சார்ட்டை வைத்துத்தான் படிப்பிக்கிறார். முன்பள்ளியில் என்ன படிப்பிக்கவேண்டும், எந்தப் படம் சரி என்று ஒரு நிலையான கண்காணிப்பு இல்லாத நாட்டில் ஒவ்வொரு ரீச்சரும் புறக்கோட்டையில் கிடைப்பதைத் தொங்கவிடுகிறார். பிள்ளைக்கு "கவனம் போதாது" என்று எழுத மட்டும் யாரும் தயங்குவதில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமை. கண் கோடும் நாலாவது பல்லும் தெரிகிற இரண்டு படங்களை அச்செடுத்து, "மகள் இதைப் பார்த்துச் சொல்லப் பழகியிருக்கிறாள், வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கும் காட்டலாமா?" என்று ஒரு சின்னக் குறிப்போடு கொடுத்தனுப்புங்கள். பெரும்பாலான ரீச்சர்மார் சந்தோசமாக ஏற்றுக்கொள்வார்கள்.

அட்டைக்காரருக்கு ஏற்கெனவே முற்பணம் ஏதாவது கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றைக்கே ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் அவரிடம் கேட்டு வாங்குங்கள். அடுத்த தவணை கொடுக்கவேண்டாம். பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்றால் நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள், ரசீதில் உள்ள கம்பெனிப் பெயரையும் திகதியையும் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள்.