அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கில் (MLB) வெளிநாட்டு இளம் வீரர்களைப் பணக்கார அணிகளே அள்ளிவிடாதது ஏன்?

ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அள்ளத்தான் செய்தார்கள். 2015-இல் கியூபாவின் யோவான் மொன்காடாவுக்கு பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி ஒப்பந்த ஊக்கத்தொகையாக 3.15 கோடி டாலர் கொடுத்தது. வெளிநாட்டு இளம் வீரர்களுக்குச் செலவிட ஒவ்வோர் அணிக்கும் லீக் வகுத்த ஒதுக்கீட்டைத் தாண்டியதற்காக ஏறக்குறைய அதே தொகையை அபராத வரியாகவும் கட்டியது. கையில் காசிருப்பவருக்கு அபராதம் ஒரு பொருட்டா?

2017 முதல் அபராதம் போய், தாண்டவே முடியாத உச்சவரம்பு வந்தது. வேறு அணியிடமிருந்து ஒதுக்கீட்டை ஓரளவு வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். 25 வயது நிறையாத வெளிநாட்டவர் அனைவரும் இதற்குள் அடக்கம். ஜப்பானின் ஷோஹெய் ஒஹ்தானி 23 வயதில் வெறும் 23 லட்சம் டாலருக்கு ஏஞ்சல்ஸ் அணியில் சேர்ந்தது இதனால்தான். இரண்டாண்டு பொறுத்திருந்தால் பல மடங்கு கிடைத்திருக்கும், அவர் பொறுக்கவில்லை.

பணத்தில் மோத வழியில்லாதபோது போட்டி வயதின் பக்கம் திரும்பியது. 16 வயதில்தான் கையெழுத்திடலாம் என்பது விதி. ஆனால் டொமினிக்கன் குடியரசில் 13 வயதுச் சிறுவனுக்கே வாய்மொழி உறுதி கொடுத்துவிடுகிறார்கள். நடுவில் நிற்பவர் 'புஸ்கோன்': சிறுவனுக்குச் சோறு போட்டு, தங்கவைத்து, பயிற்சியும் தந்து, பிறகு ஊக்கத்தொகையில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும் தரகர். வாய்ச்சொல்லுக்குச் சட்டபூர்வமான பிடிமானம் கிடையாது. சிறுவனின் தோளில் காயம் பட்டால் அணி நழுவிவிடலாம். பள்ளிப்படிப்பை விட்டவனுக்குத்தான் திண்டாட்டம். எனக்கு இதில் உறுத்துவது அதுதான்.

குறுக்குவழி தேடியவர்களும் உண்டு. ஒதுக்கீட்டுக் கணக்கை ஏய்க்க, ஒரு வீரரின் ஒப்பந்தத் தொகையை இன்னொருவர் பெயரில் மறைமுகமாகக் கைமாற்றிய அட்லாண்டா பிரேவ்ஸ் அணி, லீக்கின் தண்டனையாக 2017 நவம்பரில் 13 இளம் வீரர்களை ஒரேயடியாக இழந்தது.