வாசகர் கேள்வி – பதில்: மணிக்கூண்டுக்குக் கீழே ஒரு நூலகம்

கேள்வி: முப்பது ஆண்டுகளாக மும்பையில் வசிக்கிறோம். ஃபோர்ட் பக்கம் போகும்போதெல்லாம் ராஜாபாய் மணிக்கூண்டைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் மகள், “அது மணிக்கூண்டு இல்லையம்மா, நூலகம்” என்கிறாள். அவள் சொல்வது சரியா? அந்தக் கட்டடத்தின் கதையைச் சொல்ல முடியுமா?
– ஒரு வாசகி, மாட்டுங்கா

பதில்: உங்கள் மகள் சொல்வதே சரி. நாம் அண்ணாந்து பார்க்கும் கோபுரம், மும்பைப் பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில் எழுந்து நிற்பது. நூலகத்துக்காகத்தான் முதலில் பணம் வந்தது. கோபுரத்துக்கான பணம் அதன் பிறகு வந்தது. பருத்தி வணிகத்திலும் பங்கு வணிகத்திலும் பெரும் செல்வம் சேர்த்த பிரேம்சந்த் ராய்சந்த், 1864இல் பல்கலைக்கழகத்துக்கு நூலகம் கட்ட இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தார். அதே ஆண்டில், பெரிய கடிகாரமும் மணிகளும் கொண்ட ஒரு கோபுரத்துக்காக மேலும் இரண்டு லட்சம் கொடுத்து, அதற்குத் தம் தாயார் ராஜாபாயின் பெயரை வைக்கச் சொன்னார். கண்பார்வை இழந்த அந்த அம்மையார், சமண நெறிப்படி பொழுது சாயுமுன் உணவருந்த வேண்டும் என்பதற்காகவே மகன் மணியோசைக்கு ஏற்பாடு செய்தார் என்று இந்த ஊரில் சொல்வார்கள். அந்தக் கதையை நான் ஆதாரமாகக் கொள்வதில்லை. ஆனாலும் தாயின் பெயரை மகன் ஒரு நூலகத்தின் தலைமேல் ஏற்றிவைத்தது கதையல்ல.

அந்தக் காலத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அந்நாட்டுப் பருத்தி வருவது தடைபட்டபோது, பம்பாய்ப் பருத்தியின் விலை ஏறி, ஊரில் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது, பங்குச் சந்தை நொறுங்கியது, பிரேம்சந்தின் செல்வமும் அதோடு போயிற்று. அவர் முந்தைய ஆண்டிலேயே கொடுத்துவிட்டதுதான் இன்றும் கல்லாக நிற்கிறது.

வரைபடம் தந்தவர் லண்டனைச் சேர்ந்த ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். அவர் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. வரைபடங்கள் கப்பலில் வந்து சேர, இங்கிருந்த பொறியாளர்கள் அவற்றைப் பார்த்துக் கட்டினார்கள். 1869 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1878 நவம்பரில் கோபுரம் முடிந்தது. ஸ்காட்டோ அந்த ஆண்டு மார்ச்சிலேயே இறந்துவிட்டார். குர்லாப் பகுதியின் வெளிர்மஞ்சள் கல்லில் எழுந்த அந்தக் கோபுரம் சுமார் 280 அடி உயரம் கொண்டது. கீழே சதுரமாகத் தொடங்கி, மேலே செல்லச் செல்ல எண்கோணமாக மாறும். அந்த உயரத்தில், மேற்கு இந்தியாவின் பல்வேறு சமூகத்தினரை அவரவர் உடையோடும் தலைப்பாகையோடும் காட்டும் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட சிலைகள் இருக்கின்றன. அவற்றின் மாதிரிகளை வடித்தவர் முகுந்த் ராமச்சந்திரா என்ற இந்தியப் பொறியாளர். லண்டனிலிருந்து வந்த வரைபடத்துக்கு இந்த ஊரின் முகங்களைத் தந்தவர் அவர். ஸ்காட்டின் பெயர் சொல்லப்படும் இடத்திலெல்லாம் இவர் பெயரும் சொல்லப்பட வேண்டும் என்பது என் ஆசை.

இனி நூலகத்துக்குள் வருவோம். வெனிஸ் நகரச் சாயல் கலந்த கோதிக் பாணி என்று இதைச் சொல்வார்கள். கூர்முனை வளைவுகளும் செதுக்கிய தூண்தலைகளும் திருகுப் படிக்கட்டுகளும் அந்தப் பாணிக்கு உரியவை. பக்கத்துக் கட்டடங்களைப் போலவே இங்கும் நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற வளைவு வராந்தாக்கள் சேர்ந்திருக்கின்றன. நடுவில் கோபுரம் நிற்க, அதன் இரு பக்கமும் நூலகம் நீண்டு கிடக்கிறது. மேல்தளத்தில் உள்ள படிப்புக் கூடம்தான் இந்தக் கட்டடத்தின் உயிர் என்பேன். தேக்குமரத்தாலான உயர்ந்த வளைவுக் கூரையும், வரிசையாக வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் கொண்ட கூடம் அது. மின்விளக்கு இல்லாத காலத்தில் கட்டப்பட்ட நூலகத்துக்குப் பகல் வெளிச்சமே விளக்கு. வெளிச்சம் போதாவிட்டால் எழுத்துத் தெரியாது. வெயில் நேராக விழுந்தால் தாள் மஞ்சளித்து நொறுங்கும். வண்ணக் கண்ணாடி வெயிலின் கூச்சத்தைத் தணித்து உள்ளே விடும், உயர்ந்த கூரை சூடான காற்றை மேலே வாங்கிக்கொள்ளும். நாம் அழகென்று பார்ப்பவற்றில் பாதி, படிக்க வருபவரின் கண்ணுக்கும் உடம்புக்கும் செய்த உபசாரம். காலப்போக்கில் மங்கிச் சிதைந்திருந்த கண்ணாடிகளும் மரவேலைகளும் 2015இல் முடிந்த சீரமைப்பில் மீண்டும் பொலிவு பெற்றன.

சென்னையில் கன்னிமாரா நூலகத்தின் 1896ஆம் ஆண்டுக் கூடத்தைப் பார்த்தவர்களுக்கு, தேக்கும் வண்ணக் கண்ணாடியும் சேர்ந்தால் கிடைக்கும் அந்த மங்கிய பொன்னொளி நினைவிருக்கும். மும்பைக் கூடம் அதற்கு மூத்தது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இத்தனை அழகான கூடத்தில் அப்படி என்ன நூல்கள் இருக்கின்றன? மும்பையின் பழைய கல்லூரி நூலகங்களில் தமிழோடு தொடர்புள்ளது ஏதேனும் உண்டா?
– ஒரு வாசகர், செம்பூர்

பதில்: ஐயா, முதல் கேள்விக்குச் சுருக்கமாகவும் இரண்டாவதற்குச் சற்று விரிவாகவும் சொல்கிறேன்.

மும்பைப் பல்கலைக்கழகம் 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டது. அன்று அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியதே தவிர, பாடம் நடத்தவில்லை, பாடமெல்லாம் கல்லூரிகளில். ஆகவே வெவ்வேறு கல்லூரிகளைச் சேர்ந்தவர்களுக்குப் பொதுவான இடமாக இந்த நூலகம் அமைந்தது. அச்சு நூல்களைவிட இதன் பெருமை கையெழுத்துச் சுவடிகளில் இருக்கிறது. அரபி, பாரசீகம், உருது ஆகிய மொழிகளின் சுவடிகளுக்கு ஷேக் அப்துல் காதிர் சர்ஃபராஸ் 1935இல் விளக்கப் பட்டியல் வெளியிட்டார். பகவத்சிங்ஜி, பட்கம்கர் ஆகியோர் பெயரால் அமைந்த தொகுப்புகளின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு 1944இல் தேவஸ்தளி பட்டியல் அமைத்தார். ஒவ்வொரு சுவடியின் தொடக்கத்தையும் முடிவையும் படித்து, ஏட்டை எண்ணி, எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று ஆராய்ந்து பதிவுசெய்யும் பொறுமை மிக்க வேலை அது. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையரை அறிந்த நமக்கு அதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழோடு உள்ள தொடர்புக்கு, ராஜாபாய் கோபுரத்திலிருந்து சிறிது தூரம் நடந்து தோபி தலாவ் அருகே உள்ள செயின்ட் சேவியர் கல்லூரிக்கு வர வேண்டும். கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டிய அதே 1869இல் இயேசு சபையினர் தொடங்கிய கல்லூரி அது. கோதிக் சாயலில் கல்லால் கட்டியது. 1922இல் ஸ்பெயினிலிருந்து வந்து அங்கே வரலாறு கற்பித்தவர் ஹென்றி ஹிராஸ். தமிழ் நூல்களில் ஈராஸ் பாதிரியார் என்று நீங்கள் படித்திருப்பவர் அவரே. 1926இல் அவர் கல்லூரிக்குள் ஓர் இந்திய வரலாற்று ஆய்வகத்தை நிறுவினார். 1955இல் அவர் மறைந்தபின் அது அவர் பெயரையே தாங்கியது. பழைய சிற்பங்கள், நாணயங்கள், யானைத்தந்தத்தில் செதுக்கிய கிறித்தவ உருவங்கள் என்று அவர் சேர்த்தவை ஓர் அருங்காட்சியகமாக இருக்கின்றன. அவற்றோடு ஆய்வாளருக்கான நூலகமும் உண்டு.

விஜயநகரத்தின் ஆரவீடு மரபைப் பற்றி 1927இலும், பல்லவர் வரலாற்றைப் பற்றி 1933இலும் நூல் எழுதிய அவர், பிறகு சிந்துவெளி எழுத்துகளின் பக்கம் திரும்பினார். அவற்றின் மொழி தமிழுக்கு மூதாதையான தொல்திராவிடம் என்று அவர் கருதினார். முத்திரைகளில் திரும்பத் திரும்ப வரும் மீன் குறியை அவர் ‘மீன்’ என்றே படித்தார். அச்சொல் நீரில் நீந்துவதையும் வானில் மின்னுவதையும் ஒருசேரக் குறிக்கும் என்பதே அவர் பிடித்த இழை. கார்த்திகையை அறுமீன் என்றும், ஏழு முனிவர் எனும் விண்மீன் கூட்டத்தை எழுமீன் என்றும் சங்கப் பாடல்கள் சொல்வதை மாணவர்களுக்குக் கற்பித்த உங்களுக்கு, அந்த வாசிப்பின் சுவை உடனே புரியும். அவருடைய முழு வாசிப்பையும் அறிஞர்கள் ஏற்கவில்லை. அந்த எழுத்து இன்றும் உறுதியாகப் படிக்கப்படாமலே இருக்கிறது. ஆனால் மீன் என்ற அந்த ஒரு திறவுகோலை அஸ்கோ பர்போலா போன்ற பின்வந்த அறிஞர்கள் எடுத்து வளர்த்தார்கள். மும்பையின் ஒரு கல்லூரியில் அமர்ந்து ஒரு ஸ்பெயின் நாட்டவர் தமிழ்ச் சொல்லைக் கொண்டு ஐயாயிரம் ஆண்டுப் பழமையின் கதவைத் தட்டினார் என்பதை இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாம் இதுவரை போதிய அளவு சொல்லவில்லை. இது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

கேள்வி: ராஜாபாய் கோபுரத்தின் மேலே ஏறிப் பார்க்கலாமா?
– ஒரு மாணவர், தாராவி

பதில்: பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, தம்பி. படிக்க வேண்டிய தேவை இருந்தால் உங்கள் கல்லூரியின் வழியாக நூலகத்துக்கு அனுமதி கேளுங்கள். அதுவரை, சர்ச்கேட்டில் இறங்கி ஓவல் மைதானத்துக்குச் செல்லுங்கள். மைதானத்தின் ஒரு பக்கம் இந்தக் கோதிக் கட்டடங்களும், எதிர்ப்பக்கம் கடலைத் தூர்த்த நிலத்தில் பின்னால் எழுந்த, ஆர்ட் டெக்கோ என்ற இருபதாம் நூற்றாண்டுக் கட்டடப் பாணியில் அமைந்த வீடுகளும் இருக்கும். இரண்டும் சேர்ந்த 94 கட்டடங்களின் தொகுதியைத்தான் 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மாலை வெயில் நூலகத்தின் மேற்கு முகத்தில் நேராக விழும் நேரமாகப் பார்த்துப் போங்கள். கடிகாரத்தைப் பார்த்து முடித்ததும் கண்ணைக் கீழே இறக்கி, மேல்தளத்துச் சன்னல் வரிசையைப் பாருங்கள். அந்த வரிசைக்குப் பின்னால்தான் படிப்புக் கூடம்.