உருளைக்கிழங்கு மேயர் – ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 1890களில் அங்கே மேயராக இருந்த ஹேசன் பிங்கிரி வேலையிழந்தவர்களுக்குக் காலி மனைகளைக் கொடுத்து உருளைக்கிழங்கு பயிரிடச் செய்தார் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தபோது அவர் பெரிய காலணித் தொழிற்சாலை ஒன்றின் முதலாளி என்று தெரிந்தது. அவர் செய்தது தர்மமா, ஓட்டுக்கான உத்தியா? அந்த ஒரு வரியிலேயே அவரைக் கொஞ்சம் அதிகமாக மெச்சிவிட்டீர்களோ என்று எனக்குப் படுகிறது.

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

ஓட்டு அவருக்குக் கிடைக்கத்தான் செய்தது, அதை மறுப்பதற்கில்லை. நான்கு முறை மேயராகத் தேர்வானவர் அவர். கிழங்கு பயிரிட்டவர்களில் பெரும்பாலோர் போலந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். அவருக்குப் பின்னால் திரண்டு நின்றவர்களும் அவர்களே. ஆனால் அவர் வாழ்க்கையை முதலிலிருந்து வாசித்தால், தர்மசிந்தனையை விடவும் தந்திரத்தை விடவும், விரயத்தைப் பொறுக்காத ஒரு தொழிலாளியின் கணக்குப் புத்திதான் அவரை நடத்திச் சென்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிங்கிரி 1840இல் மெய்ன் மாநிலத்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பருத்தி ஆலையில் வேலைக்குப் போய், பிறகு மாசசூசெட்ஸில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டுபவராக இருந்தார். ஒரு தோலை விரித்துப் போட்டு, தழும்பும் மெலிந்த இடமும் விலக்கி, அதிலிருந்து எத்தனை ஜோடிக் காலணிக்கு மேல்பாகம் தேறும் என்று கண்ணாலேயே அளக்க வேண்டிய வேலை அது. வீணாகும் துண்டு முதலாளிக்கு நஷ்டம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட தரப்புப் படையில் சேர்ந்து, 1864இல் பிடிபட்டு, சிறைவாசிகள் ஆயிரக்கணக்கில் மடிந்த ஆண்டர்சன்வில் முகாமில் அடைபட்டார். பின்னர் வேறொரு முகாமில் கைதிப் பரிமாற்றத்துக்காகப் பெயர் கூப்பிட்டபோது, இன்னொருவன் பெயருக்குக் குரல் கொடுத்து வெளியே வந்தார் என்கிறார்கள். போர் முடிந்ததும் டெட்ராய்ட் வந்து, 1866இல் சார்லஸ் ஸ்மித் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு சிறிய காலணிப் பட்டறையை வாங்கினார். இருபது ஆண்டுகளில் அது நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் தொழிற்சாலையாக வளர்ந்துவிட்டது.

1889இல் அவரை மேயர் வேட்பாளராக நிறுத்தியவர்கள் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த பணக்காரர்கள். தங்களில் ஒருவர், சிக்கனக்காரர், வரியைக் குறைப்பார் என்பது அவர்கள் எண்ணம். அவரும் சிக்கனக்காரராகத்தான் இருந்தார், ஆனால் அவர்கள் எதிர்பார்த்த இடத்தில் அல்ல. சாலைகளில் பதித்திருந்த தேவதாருக் கட்டைகள் மக்கிக் கிடக்க, ஒப்பந்தக்காரர்கள் மட்டும் கொழுத்திருந்தார்கள். மற்ற நகரங்கள் மின்சார டிராமுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், டெட்ராய்ட்டில் குதிரைகள் இழுத்த வண்டிக்கு 5 சென்ட் கட்டணம் வாங்கினார்கள். ஒரு ஜோடி காலணியின் அடக்கவிலையைப் பைசா சுத்தமாகச் சொல்லத் தெரிந்தவருக்கு, நகரம் தெருவிளக்குக்கும் டிராமுக்கும் கொடுக்கும் விலையைப் பார்த்தபோது கோபம் வந்ததில் வியப்பில்லை.

1891இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஊர் அவர்கள் பக்கம் நின்றது. மக்கள் தண்டவாளங்களைப் பெயர்த்தெறிந்தார்கள். படையை அழைக்கும்படி நிர்பந்தம் வந்தும் மேயர் அழைக்கவில்லை. 1895இல் நகராட்சியே மின்நிலையம் அமைத்துத் தெருவிளக்குகளை எரிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு, போட்டிக்காக அவர் கொண்டுவந்த புதிய டிராம் நிறுவனம் பகலில் 25 சென்டுக்கு எட்டுச் சீட்டுகள் என்று விற்றது. இதற்கிடையே 1894இல், லஞ்சம் வாங்கிய கல்விக்குழு உறுப்பினர்களை அவர்கள் கூட்டத்துக்கே நேரில் போய்ப் பதவி விலகச் சொல்லி, மறுத்தவர்களைப் போலீசில் ஒப்படைத்தார். அவரை மேயராக்கிய கனவான்கள் இதற்குள் அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள்.

உருளைக்கிழங்குக் கதையும் இந்தப் பகைகளின் நடுவில்தான் வருகிறது. 1893இன் நிதி நெருக்கடியில் ஆலைகள் மூடப்பட்டு, நிவாரணம் கேட்டு நிற்பவர்களின் வரிசை நீண்டது. நகரைச் சுற்றி, விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்ட நிலங்கள் களை மண்டிக் கிடந்தன. அவற்றை உரிமையாளர்களிடம் இரவலாகக் கேட்டு, உழுது, குடும்பத்துக்குச் சுமார் அரை ஏக்கர் வீதம் பிரித்துக் கொடுப்பது திட்டம். விதைக்கும் கருவிக்கும் பணம் வேண்டும். தேவாலயங்களில் காணிக்கை எடுக்கச் சொன்னார். வசதிமிக்க அந்த நகரத்தின் தேவாலயங்களிலிருந்து வந்தது 13 டாலர் 80 சென்ட். பத்திரிகைகள் கேலி செய்தன. அவர் தான் ஆசையாக வளர்த்த குதிரையை ஏலத்தில் விற்றார். அதன் பெறுமதியில் ஒரு பங்குதான் கிடைத்தது. இத்தனைக்கும் பிறகு நடவு தொடங்கியபோது ஜூன் மாதம், பருவம் தப்பிவிட்டது. ஆனாலும் அந்த முதல் ஆண்டிலேயே சுமார் 430 ஏக்கரில் 900க்கும் மேற்பட்ட குடும்பங்கள் கிழங்கும் அவரையும் டர்னிப்பும் எடுத்தன. விளைச்சலின் மதிப்பு செலவைப் போலப் பல மடங்கு. நியூயார்க்கும் பாஸ்டனும் பஃபலோவும் அடுத்து இதைப் பின்பற்றின. சும்மா கிடந்த நிலம், சும்மா இருந்த கைகள்: வெட்டிய தோலில் மீந்த துண்டுகளைப் பார்க்கும் அதே கண் இங்கேயும் வேலை செய்திருக்கிறது.

மெச்சிவிட்டேன் என்கிறீர்கள், அவர் சறுக்கிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். 1897இல், டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்துக்கு ஆளுநரான பின்னும் மேயர் நாற்காலியை விடாமல் இரண்டு பதவியிலும் இருக்கப் பார்த்தார். மாநில உச்ச நீதிமன்றம்தான் அவரை இறக்கியது. ஆளுநர் பதவியின் கடைசி நாட்களில், மாநிலப் படையின் சீருடைகளைக் கழிவென்று மலிவாக விற்று அவற்றையே புதியவை என்று திரும்ப வாங்கிய ஊழலில் தண்டனை பெற்ற தன் அதிகாரிகளுக்கு, அபராதம் மட்டும் கட்டச் சொல்லி மன்னிப்பு அளித்தார். அடுத்தவர் லஞ்சத்தைக் கூட்டத்துக்கே போய்ப் பிடித்தவர் செய்யக்கூடிய காரியமா அது? விசுவாசம் என்று சொல்லிச் சமாளிக்க எனக்கு மனம் வரவில்லை. டிராம் போட்டியும் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் நிறுவனங்கள் ஒன்றாகிவிட்டன.

1901இல், ஆப்பிரிக்கப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லண்டனில் அவர் இறந்தார். டிராம் முழுவதும் நகராட்சியின் கைக்கு வந்தது 1922இல். அதைச் செய்து முடித்த மேயர் ஜேம்ஸ் கசின்ஸும் ஒரு தொழிலதிபர்தான், ஹென்றி ஃபோர்டின் பழைய பங்காளி. டெட்ராய்ட்டின் கிராண்ட் சர்க்கஸ் பூங்காவில் பிங்கிரிக்கு 1904இல் வைத்த சிலை இன்னும் நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. தனியார் நிறுவனங்களின் வலிமையால் வரும் ஆபத்தைப் பற்றி மக்களை முதலில் எச்சரித்தவர் என்று அதன் பீடத்தில் பொறித்திருக்கிறார்கள். கிழங்கைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. என் கட்டுரையில் கிழங்கு மட்டுமே இருந்தது. அந்த வரியைத் திருத்தி, டிராமையும் தெருவிளக்கையும் சேர்த்துவிட்டேன்.